அபிஷாவின்ர போர்டில இல்லாத நெருப்பு

நான் ரிட்டயர்ட் ஆள். வயசு இன்னும் முப்பது ஆகேல்ல. சிரிக்கிறவை இப்பவே சிரிச்சு முடியுங்கோ. வெள்ளவத்தையில ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில கொஞ்ச வருஷம் வேலை செய்துபோட்டு, இப்ப கொள்ளுப்பிட்டியில ஒரு ஒபிஸில ஏசிக்குள்ள இருந்து ஸ்பிரெட்ஷீட் தட்டிக்கொண்டிருக்கிறன். ஸ்பிரெட்ஷீட் கடிக்காது, துப்பாது. வந்து கட்டிப்பிடிக்கவும் மாட்டுது.

போன கிழமை அக்கா கோல் எடுத்தவ. அக்கா எண்டா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பானவ, உங்கட இப்பத்தைய பொஸ். பேர் போட வேண்டாம் எண்டிட்டா.

"புதுசா கொஞ்சப் பேர் சேர்ந்திருக்கினம். அவைக்கு ஒண்டு எழுதிக் குடு."

"என்னத்தைப் பற்றி?"

"நெருப்பைப் பற்றி."

"அதுக்குத்தான் ட்ரெயினிங் வைக்கிறீங்கள் எல்லே. நெருப்பு அணைக்கிற சிலிண்டரை எப்பிடிப் பிடிக்கிறது, எங்க அடிக்கிறது எண்டு."

"அதை ஆரும் சொல்லிக்குடுப்பினம். நீ அபிஷாவைப் பற்றி எழுது."

போனை வைக்க முதல், "என்னைக் காப்பாத்தி எழுதாத, என்ன" எண்டா.

சரி. காப்பாத்தேல்ல. நடந்ததை அப்பிடியே தட்டுறன். ஸ்பெல்லிங் பாக்கிற மூட் இல்ல, மன்னிக்கோணும்.

முதல்ல அந்த வீட்டை விளங்கிக்கொள்ளுங்கோ. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில ஒரு ஒழுங்கை. அதில ஒரு பழைய மாடி வீடு. ஆரோ வெளிநாட்டுக்குப் போக, எங்களுக்கு வாடகைக்குத் தந்தவை. கீழ சின்னப் பிள்ளையள், வீல் செயாரில வாற பிள்ளையள். மேல பெரிய பிள்ளையள். மேல இருந்து இறங்க ரெண்டு வழி. ஒண்டு வீட்டுக்குள்ள மரப்படி, அது நேர முன் கேட்டுக்குப் போகும். மற்றது பின்னால, வெளிச் சுவரோட ஒட்டின இரும்புப் படி. அந்த இரும்புப் படி முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கும். காலை வைச்சா கீழ நிலம் தெரியும். நானே கம்பியைப் பிடிச்சுக்கொண்டுதான் இறங்குவன்.

நான் சேர்ந்த புதுசில ஒரு ஃபயர் ட்ரில் நடந்தது. ஆருக்கும் சொல்லாமல் சைரன் அடிச்சவை, உண்மையான நெருப்பு மாதிரி இருக்கோணுமாம். நான் கம்பசில சைக்கொலொஜி முடிச்ச சூட்டோட வந்தவன், எல்லாம் தெரியும் எண்ட நினைப்பு. சைரன் அடிச்ச உடன அந்த நினைப்பு போச்சு. பாதிப் பிள்ளையள் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில. ஒண்டு தலையைச் சுவரில இடிக்குது. எங்கட ஹம்தான் இருக்கிறானே, உயரமான பெடியன், நாங்கள் சொல்லுறதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவான். அவன் கேட்டைத் திறந்துகொண்டு கடல் பக்கம் ஓடிட்டான். அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம். நானும் அக்காவும் பின்னால ஓடினம். ரயில் வரேல்ல. வந்திருந்தா நான் இண்டைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டன்.

அவனைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தம். கேட்டைப் பூட்டிப்போட்டு அக்கா சொன்னா.

"நெருப்பில சாகிறதுக்கு முதல் ட்ரில்லில சாகடிச்சிருப்பம்."

அதுக்குப் பிறகுதான் கார்ட் சிஸ்டம் வந்தது. கார்ட் என்னெண்டு தெரியாமல் சேர்ந்த ஆக்களுக்குச் சொல்லுறன். கதைக்காத பிள்ளையளுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு போர்ட் இருக்கும். அண்டைக்கு என்னென்ன நடக்கப் போகுதோ அதெல்லாம் சின்னச் சின்ன ஃபோட்டோவா, மேல இருந்து கீழ வரிசையா ஒட்டியிருக்கும். ஒண்டு முடிய அந்த ஃபோட்டோவைக் கழட்டிப் பெட்டியில போடுறது. அதுதான் அவையின்ர நேரம், அவையின்ர பாஷை. ஒருத்தர் உங்களிட்ட வந்து "இண்டைக்கு என்ன நடக்கும் எண்டு சத்தியமாச் சொல்லுறன்" எண்டு சொல்லுறது மாதிரி அந்த போர்ட்.

அக்கா ட்ரில்லையும் போர்டில போட்டா. சைரனை நிப்பாட்டி, பழைய பித்தளை மணி ஒண்டு வாங்கினா. ட்ரில் வைக்கிற நாளில காலமையே ஒவ்வொரு பிள்ளையின்ர போர்டிலயும் அந்த ஃபோட்டோ ஏறும். மணி, மரப்படி, வாசல் வேப்பமரம், கடைசியா ஐஸ் பக்கெட், சின்ன உறையில வாற இனிப்பு ஐஸ். மணி அடிச்சா எழும்பி, மரப்படியால இறங்கி, வேப்பமரத்துக்குக் கீழ நிண்டா ஐஸ் பக்கெட். பிள்ளையள் சும்மா பிச்சு உதறிச்சினம். காதைப் பொத்துறது இல்ல, ஓடுறது இல்ல. வேற பள்ளிக்கூடங்களில இருந்தெல்லாம் வந்து பாத்திட்டு வீடியோ எடுத்துக்கொண்டு போனவை. நாங்களும் கொஞ்சம் சீன் போட்டனாங்கள்தான், பொய் சொல்லேல்ல.

இரும்புப் படியை மட்டும் விட்டிட்டம். ஒருக்கா ட்ரை பண்ணினது. ஹம்தான் நடுப்படியில குந்தினவன், எழும்பவே மாட்டன் எண்டிட்டான். அக்கா சொன்னா, ரெண்டு வழி காட்டிக் குழப்பக் கூடாது, ஒரு வழியை வடிவாப் பழக்குவம் எண்டு. எல்லாருக்கும் அது சரியாத்தான் பட்டது. எனக்கும்.

இன்னொண்டு. மற்றக் கார்டெல்லாம் தனித்தனி. ட்ரில் ஃபோட்டோ நாலையும் மட்டும் ஒரே நீட்டுத் துண்டா லெமினேட் பண்ணியிருந்தம். தனித்தனியா இருந்தா துலையுது, வரிசை மாறுது எண்டு ஸ்டாஃப் மீட்டிங்கில கதைச்சு எடுத்த முடிவு. பாக்கவும் நீட்டா இருந்தது.

இப்ப அபிஷா.

அபிஷாவுக்கு அப்ப பதினைஞ்சு வயசு. கதைக்க மாட்டாள். கொட்டாஞ்சேனைப் பக்கம், ஜிந்துப்பிட்டியில வீடு. அம்மா மட்டும்தான். அம்மா ஒரு துணிக்கடையில வேலை. காலமை பள்ளிக்கூட வான் வந்து பிள்ளையை ஏத்தினாத்தான் அவ கடைக்குப் போகலாம். எங்களிட்ட வர முதல் அபிஷாவை வேற இடங்களில எடுத்துப்போட்டு, கடிக்கிறாள் எண்டு திருப்பி அனுப்பினவை. எங்களிட்ட வந்தும் முதல் வருஷம் என்ர கையைக் கடிச்சவள்தான். அடையாளம் இருக்கு, கேட்டா காட்டுறன்.

அவளோட அக்கா இருந்த மாதிரி நான் ஒருத்தரையும் பாக்கேல்ல. மாசக்கணக்கா ஒரு முழத்துக்கு அங்கால, நிலத்தில இருந்துகொண்டே இருந்தா. தொடேல்ல, கிட்டப் போகேல்ல. ஒரு நாள் அபிஷாவே நகர்ந்து வந்து அக்காவின்ர முழங்காலில தலையை வைச்சாள். அண்டைக்கு அக்கா காலை அசைக்காமல் இருந்து, பிறகு எழும்ப ஏலாமல் என்னைக் கூப்பிட்டவ. கால் விறைச்சுப்போச்சு.

"தூக்கி விடடா."

"ஏன் அக்கா, இன்னும் கொஞ்சம் இருக்கலாமே. நல்ல சீனாத்தானே இருக்கு."

"விசர்க் கதை கதையாமல் தூக்கு."

அதுக்குப் பிறகு அபிஷா செம்ம. போர்ட் இருந்தாக் காணும், அவளுக்கு உலகம் ஓகே. சட்டை மடிக்கிறதெண்டா உயிர். கடையில மடிக்கிறதை விட வடிவா மடிப்பாள், ஒரு சுருக்கம் இருக்காது. மனம் குழம்பினா ஒரு பாரப் போர்வை இருக்கு, உள்ளுக்கு மணிமணியா வைச்சுத் தைச்சது. அதைத் தானே எடுத்துப் போத்திக்கொண்டு மூலையில இருப்பாள். கொஞ்ச நேரத்தில எழும்பி வந்து திரும்பவும் மடிப்பாள்.

நெருப்பு கீழ மெத்தை ரூமில பிடிச்சது. சின்னப் பிள்ளையள் உருண்டு விளையாட ஸ்பொஞ்ச் மெத்தை போட்ட ரூம். ஏசியில இருந்து பிடிச்சது எண்டு பிறகு சொன்னவை. அந்த நேரம் ரூமுக்குள்ள ஒருத்தரும் இல்ல, கடவுளே எண்டு. ஸ்பொஞ்ச் எரிஞ்சா எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நெருப்பு பெரிசா இல்ல. புகைதான். கறுப்பா, தடிப்பா, ஆரோ தார் ஊத்தின மாதிரி மரப்படியால மேல ஏறி வந்தது.

கீழ இருந்தவை மணி அடிச்சுப்போட்டுப் பிள்ளையளை முன் கேட்டால வெளிய எடுத்திட்டினம். வீல் செயார் எல்லாம் வெளிய. அந்த இடத்தில ஒரு பிழையும் இல்ல. மேல நான், அக்கா, எங்களோட படிப்பிக்கிற டிலானி மிஸ், பெரிய பிள்ளையள். அக்கா மரப்படிக் கதவைத் திறந்து பாத்தா, உடன சாத்தினா. கீழ் இடுக்கில ஒரு துவாயை வைச்சு அடைச்சா.

"டிலானி, பின் படி. நீங்கள் முன்னால போங்கோ. ஹம்தான், மிஸ்ஸின்ர தோளைப் பிடி. கீழ பாக்காத."

"கீழ பாக்காத," எண்டான் ஹம்தான்.

அவன் அதைச் சொல்லிக்கொண்டே இரும்புப் படியால இறங்கினான். அப்ப குந்தினவன் இப்ப நிக்காமல் போறான். அவனுக்குப் பின்னால மற்றவையும் போச்சினம். எப்பிடிப் போனவை எண்டு இண்டைக்கும் எனக்குச் சரியா விளங்கேல்ல. டிலானி மிஸ் பாட்டுப் பாடிக்கொண்டு போனதா பிறகு சொன்னவை.

அபிஷா மட்டும் எழும்பேல்ல.

மணிச் சத்தம் கேட்ட உடன அவள் தலையைத் தூக்கி போர்டைப் பாத்தவள். நானும் பாத்தன். சட்டை மடிக்கிறது. கை கழுவுறது. சாப்பாடு. வான். அவ்வளவுதான். மணி இல்ல. அவள் திரும்பவும் குனிஞ்சு மடிக்கத் தொடங்கினாள். முந்தியை விட வேகமா. ஒரு சட்டை, அடுத்த சட்டை. அவளைப் பொறுத்தவரைக்கும் அண்டைக்கு மணி அடிக்கேல்ல. நாங்கள்தானே அப்பிடிப் பழக்கினது. நெருப்பு சொல்லிப்போட்டு வராது. நாங்கள் சொல்லிப்போட்டு வாற நெருப்பைத்தான் அவளுக்குக் காட்டியிருந்தம்.

"அபிஷா, வா அம்மா. வா போவம்," எண்டு அக்கா மெதுவாக் கூப்பிட்டா.

அவள் மேசைக் காலைப் பிடிச்சாள். கூப்பிடக் கூப்பிடப் பிடி இறுகுது. பதினைஞ்சு வயசு எண்டு சொன்னனே, என்னை விடப் பலம்.

எனக்கு மண்டையில லைட் எரிஞ்சது. அலுமாரிக்கு ஓடிப்போய் ட்ரில் துண்டை எடுத்தன். நாலு ஃபோட்டோவும் சேர்ந்த அந்த நீட்டுத் துண்டு. திரும்பினா அபிஷா அதைக் கண்டிட்டாள். முகம் அப்பிடியே மாறிச்சு. மேசைக் காலை விட்டாள். சட்டையை வைச்சாள். எழும்பி நிண்டாள். நான் உள்ளுக்குள்ள நினைக்கிறன், மச்சான், நீ ஜீனியஸ்.

"காட்டாத," எண்டா அக்கா.

"அக்கா, எழும்பிட்டாள்."

"எழும்பி எங்க போவாள்?"

அப்பதான் விளங்கிச்சு. துண்டில ரெண்டாவது ஃபோட்டோ மரப்படி. அவளிட்ட அதைக் குடுத்தா நேர அந்தக் கதவைத் திறந்து புகைக்குள்ள இறங்குவாள். நாங்கள் குறுக்க நிண்டாலும் இறங்குவாள். அவளை அப்பிடி வடிவாப் பழக்கி வைச்சிருக்கிறம். அந்த ஒரு ஃபோட்டோவைக் கிழிச்சு எடுத்தா மணியும் மரமும் ஐஸ் பக்கெட்டும் மிஞ்சும், பின் படியால கூட்டிக்கொண்டு போயிடலாம். லெமினேட் பண்ணினது கிழியுமோ. இழுத்தன், முறுக்கினன், பல்லால கடிச்சன். கத்தரிக்கோல் எல்லாம் பூட்டி வைக்கிறது எங்கட ரூல். திறப்பு கீழ.

துவாய்க்கு மேலால புகை வரத் தொடங்கிட்டுது. கண் எரியுது. அபிஷா கையை நீட்டிக்கொண்டு நிக்கிறாள், அதைத் தா எண்டு. நான் அதை முதுகுக்குப் பின்னால ஒளிச்சன். அவள் நான் ஒளிக்கிறதைப் பாத்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியேல்ல, விடுறன்.

அக்கா ஒரு செக்கன் கண்ணை மூடினவ. அவ்வளவுதான். பிறகு மூலைக்குப் போய் பாரப் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தா. அபிஷாவுக்கு அது தெரிஞ்ச போர்வை, அதால விலகேல்ல. அக்கா அதைப் போத்திற மாதிரிப் போத்தி, கையோட சேர்த்து இறுக்கிச் சுத்தினா.

"காலைப் பிடி. விடாத, என்ன கத்தினாலும் விடாத."

தூக்கினம். இரும்புப் படியில ஓட்டைக்குள்ளால நிலம் தெரியுது. அபிஷா கத்தின சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டதாம். அவள் கதைச்சு நான் கேட்டதில்ல. கத்தினதைக் கேட்டன். ஒரு கட்டத்தில அக்காவின்ர தோள்மூட்டில கடிச்சவள், கீழ வரும்வரைக்கும் விடேல்ல. அக்கா "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு மட்டும் சொல்லிக்கொண்டு வந்தா.

கீழ ஃபயர் பிரிகேட் வந்திட்டுது. ஒருத்தர் ஓடி வந்தார்.

"மல்லி, ஒக்கொம எலியேத?" எல்லாரும் வெளியவோ எண்டு கேக்கிறார்.

"ஒவ் அய்யே, ஒக்கொம." ஓம் அண்ணை, எல்லாரும் எண்டன்.

"கீழ பாக்காத," எண்டான் ஹம்தான் அவருக்கு. அந்த மனுசன் ஒண்டும் விளங்காமல் குனிஞ்சு தன்ர காலைப் பாத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்திலயும் வந்தது.

ஒரு பிள்ளைக்கும் ஒண்டும் ஆகேல்ல. புகை குடிச்சவை எண்டு அக்காவையும் என்னையும் அபிஷாவையும் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பாத்திட்டு விட்டவை. கன பேர் கோல் எடுத்துப் பாராட்டினவை. இன்னும் கொஞ்சப் பேர் வேற மாதிரி. ஒழுங்கையில நிண்ட ஆரோ இரும்புப் படியில நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வாறதைப் போனில எடுத்துப் போட்டிட்டான். புகை அந்தப் பக்கம் தெரியேல்ல. பாத்தா ரெண்டு பேர் ஒரு பிள்ளையைச் சுத்திக் கட்டி இழுத்துக்கொண்டு வாற மாதிரித்தான். கீழ வந்த கொமென்ட் எல்லாம் நான் வாசிச்சன். அக்கா வாசிக்கேல்ல. வாசிக்கச் சொல்லி நானும் குடுக்கேல்ல.

அபிஷாவின்ர அம்மாவும் அந்த வீடியோவைப் பாத்தவ. நாங்கள் வீட்டுக்குப் போனம், என்ன சொல்லுவாவோ எண்டு பயந்துகொண்டு.

"புள்ள உசிரோட இருக்கு மிஸ். அது போதும் எனக்கு," எண்டா. அவ கொட்டாஞ்சேனைப் பேச்சு. "ஆனா போர்வைய கண்டாலே ஓடுது. எந்தப் போர்வையும். பெட்ஷீட்டு கூட வேணாங்குது."

அக்கா உள்ளுக்குப் போக வெளிக்கிட்டா. அபிஷா அக்காவைக் கண்டாள். கண்ட உடன சுவரோட போய் ஒட்டிக்கொண்டு, படியில கத்தின அதே சத்தம். அக்கா அப்பிடியே பின்னால நடந்து ஒழுங்கைக்கு வந்திட்டா. அதுக்குப் பிறகு அந்த வாசலை அவ தாண்டினதில்ல.

பள்ளிக்கூடம் பெயின்ட் அடிச்சுத் திரும்பத் திறந்தது. வான் போச்சு. அபிஷா வானில ஏறினாள், ஆனா வெள்ளவத்தையில இறங்கேல்ல. சீட்டைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாள். வான்கார அங்கிள் ஏசியைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரைக்கும் கேட்டில நிண்டவர். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டவர். அடுத்த நாளும் அப்பிடித்தான். அடுத்த கிழமை வானிலயும் ஏறேல்ல.

நாங்கள் விடேல்ல. வீட்டில வைச்சுத் தொடங்குவம் எண்டு புது போர்ட் செய்து கொண்டுபோனன். அவள் ஃபோட்டோவை ஒவ்வொண்டாக் கழட்டி, என்ர பையுக்குள்ள திருப்பிப் போட்டாள். கோவப்படேல்ல. எறியேல்ல. திருப்பித் தந்தாள், அவ்வளவுதான். விளங்குதோ உங்களுக்கு? அவளிட்ட இருந்த ஒரே பாஷை அது. அண்டைக்கு போர்ட் பொய் சொல்லிட்டுது. பொய் சொல்லுற பாஷை தனக்கு வேண்டாம் எண்டிட்டாள்.

அம்மா கடை வேலையை விட்டா. வீட்டில மெஷின் வைச்சுத் தைக்கிறா.

இதுக்குள்ள பள்ளிக்கூடத்தில எல்லாத்தையும் மாத்தினம். இப்ப நீங்கள் காணுற சிஸ்டம் அதுதான். மஞ்சள் கார்ட் இருக்கெல்லே, ஒண்டும் வரையாத வெறும் மஞ்சள்? "ஏதோ மாறிட்டுது, என்ன எண்டு தெரியாது, ஆனா நான் உன்னோட இருக்கிறன்" எண்டு அதுக்கு அர்த்தம். ஒவ்வொரு நாளும் எங்கயோ ஒரு இடத்தில அதைக் காட்டி, சின்னதா ஒண்டை மாத்துவம். சாப்பாட்டுக்கு முதல் பாட்டு. வழமையா இருக்கிற கதிரைக்குப் பதிலா நிலம். பிறகு மஞ்சளைக் காட்டிப்போட்டு இரும்புப் படி. படியில ஓட்டை தெரியாமல் ரப்பர் விரிச்சாச்சு. ட்ரில் ஃபோட்டோ எல்லாம் தனித்தனி. சொல்லாமலும் மணி அடிப்பம். முதல்ல ஒரு தட்டு, பிறகு ரெண்டு, மெதுமெதுவாக் கூட்டி. ஹம்தான் இப்ப லீடர். "கீழ பாக்காத" எண்டு சொல்லிக்கொண்டு மற்றவையைக் கூட்டிக்கொண்டு இறங்குவான்.

நல்ல சிஸ்டம். உங்களுக்கு அது ஈசியா இருக்கும், ஏனெண்டா நீங்கள் வரேக்கயே இருந்தது. இனி என்ன நடந்தாலும் அந்தப் பிள்ளையள் எங்களோட வெளிய வருவினம் எண்டு நான் நம்புறன். ஆனா மஞ்சள் கார்டை ஒவ்வொருக்காக் காணேக்கையும் எனக்கு அபிஷாதான் ஞாபகம் வருவாள். அது ஆரால வந்ததோ அவளுக்கு மட்டும் அது போய்ச் சேரேல்ல.

ஒண்டு தெளிவாச் சொல்லுறன், இதை வாசிச்சிட்டு அக்கா அண்டைக்குச் செய்தது பிழை எண்டு ஆரும் நினைச்சா, நீங்கள் அந்த ரூமுக்குள்ள இல்ல. இன்னும் ஒரு நிமிஷம் கெஞ்சிக்கொண்டு நிண்டிருந்தா மூண்டு பேரும் இல்ல. நெருப்பு நாளில சரியான முடிவு எண்டு ஒண்டு இருந்தது, அக்கா அதை எடுத்தா. நல்ல முடிவு எண்டு ஒண்டு இருக்கேல்ல. அதை நாங்கள் நெருப்பு இல்லாத நாளிலயே, ஐஸ் பக்கெட் குடுத்துக்கொண்டு, எல்லாரும் கைதட்டிக்கொண்டு நிக்கேக்க துலைச்சிட்டம். பிள்ளை அழாமல் இருந்தாக் காணும் எண்டு பாத்தம். அழுதாலும் எங்களோட வருவாளோ எண்டு பாக்கேல்ல.

வேலையை விட முதல் கடைசியா ஒருக்கா ஜிந்துப்பிட்டிக்குப் போனன். அக்காவும் வந்தவ. பஸ்ஸில முழுக்க ஜன்னலால பாத்துக்கொண்டு வந்தா. கோயிலைத் தாண்டி அபிஷாவின்ர ஒழுங்கை முனையில ஒரு பெட்டிக்கடை இருக்கு, அதுக்கு அங்கால வர மாட்டா.

"நீ போ. நான் இதில நிக்கிறன்."

"அக்கா, கன நாள் ஆகிட்டுது. மறந்திருப்பாள். ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"அவள் ஒண்டையும் மறக்கிறேல்ல. போ."

போனன். அம்மா மெஷினில. அபிஷா நிலத்தில இருந்து, தைச்ச சட்டையளை மடிச்சு அடுக்கிக்கொண்டிருக்கிறாள். வளந்திட்டாள். நான் மஞ்சள் கார்டை எடுத்துக்கொண்டு, அக்கா முந்தி இருந்த மாதிரி ஒரு முழத்துக்கு அங்கால குந்தினன். கார்டை நிலத்தில வைச்சன்.

அபிஷா மடிச்ச சட்டையை முடிச்சு வைச்சாள். கார்டைப் பாத்தாள். எழும்பினாள். கிட்ட வந்து என்ர கையைப் பிடிச்சாள்.

மெஷின் நிண்டிட்டுது.

அவள் என்னை எழுப்பினாள். இழுக்கேல்ல, நான் எழும்பும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசல்படியில ஒரு கல் உயரம், நான் அதில தடக்கப் பாத்தன், அவள் நிண்டாள். நான் காலைச் சரியா வைச்சாப் பிறகு நடந்தாள். வெளிய வந்து, வெயில் இல்லாத சுவர்ப் பக்கமா என்னை நிப்பாட்டினாள். கையை விட்டாள். திரும்பி உள்ளுக்குப் போய் கதவைச் சாத்தினாள்.

மஞ்சள் கார்ட் உள்ளுக்கு. நான் வெளிய.

கதவுக்குள்ளால அம்மான்ர குரல் கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். இன்னொரு நாளைக்கு வாங்க."

நான் பெட்டிக்கடைக்கு நடந்தன். அக்கா ஒரு பிளேன்டீ வாங்கி, குடிக்காமல் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறா.

"என்ன, கெதியா வந்திட்டாய்?"

"வெளிய கொண்டுவந்து விட்டிட்டாள்."

"கத்தினவளோ?"

"இல்ல. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவள்."

"இழுத்தவளோ?"

"இல்ல அக்கா. மெதுவா. நான் தடக்கேக்க நிண்டவள்."

அக்கா பிளேன்டீயைக் கடைத் தட்டில வைச்சா. கடைக்காரர் சூடு போயிட்டுதோ, வேற போடவோ எண்டு கேட்டார். அவ ஒழுங்கைக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டா.

"நாங்கள் அவளை அப்பிடிக் கூட்டிக்கொண்டு வரேல்ல, என்ன," எண்டா.